மீனாள் அறையில் ஏழு மணி

சனிக்கிழமை காலை 8.10. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரம் பதியும் ரேணுகா கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஒரு விவரம்கூட இல்லை. நகல் இருக்கும் பேக்கப் டேப்பைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் காலி.

1997. காரைக்குடியில் டாக்டர் முத்துராமனின் ஆஸ்பத்திரி. எல்லா விவரமும் சேரும் பெரிய கம்ப்யூட்டரான சர்வர் ஒரு வகை. லேபிலும் மருந்து கவுண்டரிலும் இருந்த கம்ப்யூட்டர்கள் வேறு வகை. எல்லாவற்றையும் சேர்த்து நகலெடுக்கும் புரோகிராம் தினமும் மாலை ஏழு மணிக்குத் தானாக ஓடும். ஒரே டேப். முந்தின நாள் நகலின் மேலேயே புதியது பதியும்.

சர்வர் இருந்த அறையில்தான் போன மாதம் நேமத்தான்பட்டி மீனாள் ஓர் ஊசிக்குப் பிறகு துடித்து இறந்தாள். அப்புறம் அங்கே படுக்க யாரும் சம்மதிக்கவில்லை. கட்டிலை எடுத்துவிட்டு சர்வரை வைத்தார்கள். அன்று முதல் மாலையில் அந்த ஜன்னல் வழியே விசும்பல் கேட்கிறது என்றது தெரு.

மீனாளின் கணவன் கண்ணன் போலீசுக்குப் போயிருந்தான். திங்கட்கிழமை விசாரணை.

காலை 10.30. இன்ஸ்பெக்டர் காசிவிஸ்வநாதன் வந்தார். டாக்டர் தயாராக இருந்தார். அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று மீனாள் சொன்னதை ரேணுகா பதியவே இல்லையாம். அதை மறைக்கத்தான் காலையில் தனியாக வந்து எல்லாவற்றையும் அழித்து, காலி சர்வரை டேப்பிலும் நகலெடுத்துவிட்டாள் என்றார்.

"நேத்து?"

"நேத்து அவ லீவு. நான்தான் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போதுகூட எல்லாம் இருந்தது."

ரேணுகா மறுத்தாள். நம்ப ஆளில்லை. வாசலில் நின்ற கண்ணன் அவள் முகத்தைப் பார்க்க மறுத்தான்.

இன்ஸ்பெக்டர் பக்கத்து வீட்டுக்குப் போனார். டீச்சர் அடைக்கலமேரியின் ஜன்னல், சர்வர் அறைக்கு நேர் எதிரே. சத்தம் ஆரம்பித்ததும் அவர் ஜெபமாலையை எடுத்துவிடுவாராம்.

"அம்பத்துமூணு மணியும் சொல்லி முடிச்சாலும் அது அழுதுக்கிட்டேதான் இருக்கும் சார். நேத்து மட்டும் முதப் பத்து மணி உருட்டி முடியறதுக்குள்ள நின்னுருச்சு."

"கரண்டு போச்சா?"

"பேன் சுத்திக்கிட்டுத்தான இருந்துச்சு."

"இன்னைக்குக் காலையில?"

"ஒரு சத்தமும் இல்ல. நீங்க இதெல்லாம் நம்புறீகளா?"

"அழுகைய நம்பல டீச்சர். அது நின்ன நேரத்த நம்புறேன்."

ஞாயிறு மாலை 5.00. சர்வர் அறையில் டாக்டர், ரேணுகா, வாசற்படியில் கண்ணன். வேறொரு டேப்பைப் போட்டு ஓட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மெல்லிய விசும்பல் எழுந்தது. கண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஒரு நிமிடத்தில் நின்றது.

"நகல் பதியும்போது டேப் சுத்துற சத்தம்தான். காலி சர்வர்னா இவ்வளவுதான் ஓடும்" என்றார் இன்ஸ்பெக்டர். "வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கும் இவ்வளவுதான் ஓடுச்சுன்னு பக்கத்து வீட்டு டீச்சர் சொல்றாங்க. அப்பவே விவரம் அழிஞ்சாச்சு. எட்டு மணிக்கு எல்லாம் இருந்ததுன்னு சொன்னது நீங்க, டாக்டர். சனிக்கிழமை காலையில இந்த மெஷின் எதையும் பதியவே இல்ல."

டாக்டர் நெற்றியைத் துடைத்தார். "அந்தம்மா பேய்க்கதை சொல்லுது. அதெல்லாம் சாட்சியா?"

"டேப் சாட்சி. மீனாள் விவரத்த மட்டும் அழிச்சா உங்களத்தான் கைகாட்டும்னு எல்லாத்தையும் அழிச்சீங்க. அதனாலதான் புது நகல் டேப்போட தொடக்கத்துல மட்டும் பதிஞ்சு, முடிஞ்சதுன்னு குறி போட்டுருச்சு. அதுக்கு அப்பால மெஷின் படிக்காது. ஆனா பழசு அங்கேயே இருக்கு. மதுரை இன்ஜினியர் மத்தியானமே எடுத்துட்டார்."

மீனாளின் பக்கத்தை நீட்டினார். ஊசி மருந்தின் பெயர். அதன் கீழே: ஒத்துக்கொள்ளாது, தரக் கூடாது. பதிந்தவர் ரேணுகா.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று கூட்டம் அதிகம், பார்க்கத் தவறிவிட்டேன் என்று முனகினார். வெளியே நின்ற ஏட்டு வந்து அவரை எழுப்பி அழைத்துப் போனார்.

கண்ணன் நகரவில்லை. முதல் தடவையாக ரேணுகாவை நிமிர்ந்து பார்த்தான்.

"எம் பொண்டாட்டி சொன்னாளா? அவ வாயாலயே?"

"சொன்னாக அண்ணே. பதிஞ்சுட்டீகளான்னு ரெண்டாந் தடவையும் கேட்டாக. இனி பயமில்லன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்."