மூன்றாக மடித்த ஈரத்துணி

திருவில்லிபுத்தூரில் தலைமைக் காவலராகப் பணிபுரிந்த இசக்கிமுத்துவுக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. பூட்டிய பூட்டை மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் அவர் எவ்விடத்தையும் விட்டு நகரமாட்டார். பிறர் சொல்லை மட்டுமன்று, தம் கை செய்ததையும் அவர் முழுமையாக நம்புவதில்லை. மற்றொரு பழக்கம் அத்துணைப் பெருமைக்குரியதன்று. சாலை விபத்துகளில் சிதைந்த உடல்களைக் கூசாமல் தூக்கிய அவர், நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் மட்டும் கால் வைக்கமாட்டார். இராஜபாளையத்துக்குத் தந்தையைப் பார்க்க வரும்போதெல்லாம், அறையின் வாசற்படியிலேயே நின்று, கைக்குட்டையை மூக்கருகே பிடித்துக்கொண்டு, "சாப்டீகளா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

அவருடைய தந்தை பால்ச்சாமி பஞ்சாலையில் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் தாக்கி வலப்புறம் முழுதும் விழுந்துபோன நாள்முதல் அவரைக் குளிப்பாட்டியவள், திருமணமே வேண்டாவென்று இருந்துவிட்ட மகள் மாரிக்கனி. கட்டிலில் ரப்பர் விரிப்பைப் போட்டு, ஒரு பேசினில் சூடான சோப்பு நீரும் மறு பேசினில் நல்ல வெந்நீருமாக வைத்துக்கொண்டு, பழைய வேட்டியைக் கிழித்த துணியால் முகத்திலிருந்து பாதம்வரை துடைத்தெடுப்பாள். துடைக்கும் உறுப்பைத் தவிர மற்றவற்றைப் போர்வையால் மூடியே வைத்திருப்பாள். தகப்பன் வெட்கப்படலாகாது என்பது அவள் எண்ணம். எல்லாம் முடிந்தபின் துணியைப் பிழிந்து, மூன்றாக மடித்து, சன்னலின் கீழ்க்கம்பியில் போடுவாள்.

அந்த மாரிக்கனி, ஐப்பசி மழையில், தந்தைக்குப் புதிய ரப்பர் விரிப்பு வாங்குவதற்காகத் திருவில்லிபுத்தூருக்கு வந்தவள், பேருந்து நிலையத்தில் சரிந்து விழுந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது உயிர் இல்லை.

"உடம்ப இராஜபாளையத்துக்குக் கொண்டு போவேண்டாம் மாப்ள," என்றார் சுந்தரபாண்டியத்துத் தாய்மாமன் பால்பாண்டி. "ஒப்பாரிச் சத்தம் காதுல விழுந்தா அந்த மனுசனும் போயிருவாரு. நம்ம ஊர்ல வச்சே எடுத்துருவோம். அவருகிட்ட பொறவு பக்குவமாச் சொல்லிக்கிடலாம்."

இசக்கிமுத்து இசைந்தார். சுந்தரபாண்டியத்தில், மழை நனைத்த முற்றத்தில், சேலைகளை மறைப்பாகக் கட்டிப் பெண்கள் மாரிக்கனியை இறுதியாக நீராட்டினர். அத்தனை ஆண்டுகள் வெந்நீரைத் தன் முழங்கையால் சோதித்துச் சோதித்துப் தந்தையைக் குளிப்பாட்டியவள்மீது, குடங்குடமாகக் குளிர்ந்த நீரை ஊற்றினார்கள். அவள் வாழ்ந்த வீட்டின் வாசலில் அவள் உடல் ஒரு நொடியும் இறக்கி வைக்கப்படவில்லை.

காரியங்களை முடித்துவிட்டு ஒரு பிற்பகலில் இசக்கிமுத்து பையுடன் அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தந்தையை மதுரையில் ஒரு முதியோர் காப்பகத்தில் சேர்ப்பதென்றும், இடம் கிடைக்கும்வரை உடனிருப்பதென்றும் திட்டம். மலைப்பக்கம் இருண்டு கிடந்தது. பல நாள் குளிப்பாட்டாத உடலின் நாற்றத்தை எதிர்பார்த்து, அவர் வாசலிலேயே கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

நாற்றம் இல்லை.

மருந்துச் சோப்பும் பவுடரும் கலந்த மணமே அறையிலிருந்து வந்தது. பால்ச்சாமி வெளுத்த விரிப்பின்மேல், தலை வாரப்பட்டு, நெற்றியில் திருநீறு துலங்கப் படுத்திருந்தார்.

அண்டை வீட்டு அங்காளம்மாள் சோற்றுத் தூக்குடன் வந்தபோது இசக்கிமுத்து கைகூப்பினார். "நீங்க செஞ்ச உதவிய மறக்கமாட்டேன் மதினி. குளிப்பாட்டிக்கூட விட்டுருக்கீக."

"நானா?" அவள் தூக்கைக் கீழே வைத்தாள். "நான் சோறுதான் ஊட்டுனேன் ஏட்டையா. எங்க வீட்டு அவிய வந்து துணி மாத்திவிட்டாக. அதுக்கு மேல எங்களுக்கு ஏலல. நீங்கதான் ஆள் வச்சீகன்னுல்லா நினைச்சேன்!"

அங்காளம்மாள் முந்தைய வேளையின் வெறும் தூக்கை எடுக்க மறந்து போய்விட்டாள்.

இசக்கிமுத்து தந்தையின் அறை வாசற்படியில் நின்றார். "மாரிக்கு வயித்துல கட்டி. மதுரையில ஆப்பரேசன் பண்ணிருக்கு. வர நாளாகும்," என்றார். குற்றவாளிகளிடம் எத்தனையோ பொய்களைக் கேட்டுப் பழகியவருக்குத் தம் பொய் நன்றாக அமைந்ததாகவே தோன்றியது.

பால்ச்சாமி மகனை நெடுநேரம் பார்த்தார். "அப்படியாலே?" என்றார். அதன்பின் மகளைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அன்று மாலை இசக்கிமுத்து முன்கதவையும் கொல்லைக் கதவையும் தாழிட்டுப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். தந்தையின் அறைவாசலை அடைத்தாற்போலத் தம் கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

விடியலில் பஞ்சாலைச் சங்கு ஊதியது. அதன் ஓசை அடங்கியபின் வேறோர் ஓசை அவரை எழுப்பிற்று.

துணியைப் பிழியும் ஓசை.

பேசினில் நீர் சொட்டியது. நின்றது. மீண்டும் துணி நீரில் அமிழ்ந்து, எழுந்து, முறுக்கப்பட்டது. அவசரமில்லாத, பழகிய கைகளின் ஓசை.

"யாரது?"

ஓசை நின்றுவிட்டது. இசக்கிமுத்து விளக்கைப் போட்டார். தந்தையின் தலைமயிர் ஈரமாக வாரப்பட்டிருந்தது. சன்னலின் கீழ்க்கம்பியில் மூன்றாக மடித்த துணி சொட்டிக்கொண்டிருந்தது. குளியலறையிலிருந்து ஈரப்பாதங்களின் சுவடு தந்தையின் கட்டில்வரை வந்திருந்தது.

திரும்பிப் போன சுவடு இல்லை.

அவர் கதவுகளைச் சோதித்தார். பூட்டுகள் பூட்டியபடியே இருந்தன. கொல்லை, பரண் என்று ஓரிடமும் விடவில்லை; தந்தையின் கட்டிலடியையும் வாசற்படியில் நின்றபடியே குனிந்து பார்த்தார். திருடனாயின் எதையேனும் எடுத்துச் சென்றிருப்பான். இங்கு வந்தவரோ ஒரு கிழவரின் உடம்பைத் துடைத்துவிட்டல்லவா போயிருக்கிறார்!

"காலங்காத்தால என்னத்தலே தேடுத?" என்றார் பால்ச்சாமி. அவருடைய பற்கள் ஒன்றோடொன்று மோதின. உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

"யாருப்பா வந்தது?"

கிழவர் கண்களை மூடிக்கொண்டார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "தண்ணிதான் சில்லுன்னு இருக்கு. அவகிட்டச் சொல்லிராத. மனசு சங்கடப்படுவா," என்றார்.

முற்பகலில் மருத்துவர் சேதுபதி வந்து நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார். நுரையீரலில் சளி கட்டத் தொடங்கியிருக்கிறதென்றும், இந்த மழைக்காலத்தில் யார் இவரைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறார்களோ அவர்களை உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்றும், இன்னும் சில நாள் இப்படியே போனால் உயிருக்கு உறுதி கூற இயலாதென்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நிறுத்தச் சொல்லுங்கள். யாரிடம் சொல்வது?

நாள் முழுதும் மழை ஓயவில்லை. இசக்கிமுத்து நடுக்கூடத்தில் அசையாமல் அமர்ந்திருந்தார். அச்சத்தினும் பெரிதாக ஒன்று அவர் நெஞ்சில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. தந்தைக்குச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் அவளுக்கு மட்டும் யார் சொன்னார்கள்? உடலை இவ்வாசலில் இறக்கியிருந்தால், தகப்பன் அவள் முகத்தைப் பார்த்து அழுதிருந்தால், அந்த அழுகையைக் கேட்டாவது தன் வேலை முடிந்ததென்று அவள் அறிந்திருப்பாள். அவர் அவளை வேற்றூரில் எரித்துவிட்டு வந்தார். அவளோ வழக்கம்போல வீடு திரும்பி, வழக்கம்போலப் பேசினை எடுத்துக்கொண்டாள். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் வேற்றுமை அறியும் சூடு மட்டும் அவளுடைய முழங்கையில் இல்லாமற்போயிற்று.

அந்தி மயங்கும் வேளையில் குளியலறைக்குள் பேசின் நகரும் ஓசை கேட்டது.

தரையில் இழுபடும் பிளாஸ்டிக்கின் மெல்லிய ஓசை.

"மாரி," என்றார் இசக்கிமுத்து. "செத்த நேரம் பொறு."

அவர் அடுப்பில் வெந்நீர் வைத்தார். இரண்டு பேசின்களிலும் ஊற்றி, முழங்கையை அமிழ்த்திப் பார்த்தார். கைக்குட்டையை அடுப்படியிலேயே விட்டுவிட்டு, இத்தனை ஆண்டுகளும் தாண்டாத அந்த வாசற்படியைத் தாண்டினார்.

"நீ எதுக்குலே இதையெல்லாம்…" பால்ச்சாமியின் இடக்கை போர்வையை இறுகப் பற்றிக்கொண்டது. "போட்டுரு. உனக்கு ஆவாது."

"சும்மா இருங்கப்பா."

வாசற்படியில் நின்று பார்த்தவையெல்லாம் அவர் நினைவில் இருந்தன. முகத்தைத் துடைத்தார். கழுத்து மடிப்பைத் துடைத்து உலர்த்தினார். உணர்வற்ற வலக்கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்தார். அது எத்துணை மெலிந்திருந்தது! பஞ்சாலையில் இரும்புச் சக்கரங்களைத் திருப்பிய கை. சிறுவயதில் அவரைத் தோளுக்குத் தூக்கிய கை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இடுக்குகளைத் துடைத்தார். கிழவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஓரிடம் துடைத்ததும் அதை மூடினார் இசக்கிமுத்து. தகப்பன் வெட்கப்படலாகாது.

முதுகைத் துடைக்க வேண்டும். ஒருக்களித்துச் சாய்த்தபோது ஈரமான தோள் கையிலிருந்து நழுவிற்று. உடல் கட்டிலின் மறுவிளிம்பை நோக்கிச் சரிந்தது.

விழவில்லை.

மறுபுறத்திலிருந்து யாரோ தாங்கிக்கொண்டார்கள்.

மறுபுறத்தில் எவரும் இல்லை. ஆனால் பால்ச்சாமியின் இடத்தோளில், சுருங்கிய தோலின்மேல், ஐந்து விரல்களின் அழுத்தம் குழி விழுந்து தெரிந்தது. அவ்விரல்கள் பதிந்த இடத்தைச் சுற்றித் தோல் குளிரால் புல்லரித்தது. இரண்டாவது பேசினில் எழுந்துகொண்டிருந்த ஆவி அடங்கிற்று.

இசக்கிமுத்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் தந்தை விழுவார். மறுகையால் முதுகைத் துடைத்தார், இடுப்பெலும்பின்மேல் சிவந்திருந்த இடத்தை மெல்ல ஒற்றி உலர்த்தினார், பவுடர் போட்டார். இரு பிள்ளைகளும் சேர்ந்து தகப்பனைக் குளிப்பாட்டியது அவர்கள் வாழ்வில் அதுவே முதன்முறை.

மல்லாத்திப் படுக்க வைத்தபின் அவர் சொன்னார். "அப்பா, மாரி ஆசுபத்திரியில இல்ல. மாரி…"

"தெரியும்லே."

பால்ச்சாமி இடக்கையால் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"மொத நாளே தெரியும். கையில சூடு இல்லயே. எம்புட்டு வருசமா எம்மேல பட்ட கை, எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன்பா ஒரு வார்த்தை சொல்லல? இந்தக் குளிரு உங்களக் கொன்னுருமே!"

"நீ செத்துப்போயிட்டன்னு சொன்னா, அவ போயிருவால்லா." பால்ச்சாமியின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்க அவர் இடக்கையைத் தூக்கவில்லை. "அவளும் போயிட்டா என்னய யாரு குளிப்பாட்டுவா? நீயா? நீதான் வாசப்படியவே தாண்டமாட்டியே."

இசக்கிமுத்து துணியின் நுனியால் தந்தையின் கண்ணோரத்தைத் துடைத்தார். பிறகு, எவரும் இல்லாத மறுபுறத்தை நோக்கிப் பேசினார்.

"மாரி, நீ பஸ் ஸ்டாண்டுல விழுந்துட்டம்மா. அங்கேயே முடிஞ்சிபோச்சு. நாங்கதான் உன்ன இங்க கொண்டு வரல. தப்பு எங்க மேலதான். நீ செஞ்சது போதும். போயி ஓய்வா இரு. அப்பாவ நான் பாத்துக்கிடுதேன்."

அறையில் இறுகியிருந்த குளிர் சிறிது சிறிதாகத் தளர்ந்தது. பால்ச்சாமி உதடு துடிக்க, மகளின் பெயரை ஒருமுறை சொல்லி, அடக்கி வைத்திருந்த அழுகையையெல்லாம் அழுது தீர்த்தார். இசக்கிமுத்து அவரைத் தடுக்கவில்லை. அண்டை வீட்டில் அங்காளம்மாளின் குரலும் விம்மிற்று. சுந்தரபாண்டியத்தில் எழுந்த ஒப்பாரி, நாள் தப்பி, இப்போதுதான் இவ்வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அழுகை ஓய்ந்தபின் இசக்கிமுத்து பேசின்களைக் கழுவிக் கவிழ்த்தார். துடைத்த துணியைக் கசக்கி, கொல்லைத் தாழ்வாரக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் விடியலில் எவ்வித ஓசையும் இல்லை. பால்ச்சாமி அயர்ந்து உறங்கினார். உடல் சில்லிட்டிருக்கவில்லை, தலைமயிரும் உலர்ந்தே இருந்தது. போய்விட்டாள் என்று எண்ணியபோது இசக்கிமுத்துவுக்கு ஆறுதலும், அதனினும் மிகுதியாக ஒரு வெறுமையும் உண்டாயின. வெளிச்சம் வரட்டுமென்று சன்னலைத் திறந்தார்.

கீழ்க்கம்பியில் அத்துணி கிடந்தது. மறுமுறை பிழிந்து, மூன்றாக மடித்துப் போடப்பட்டிருந்தது. அதன் நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, வீழ்ந்தது.

கண்விழித்த பால்ச்சாமியும் அதைப் பார்த்தார். நெடுநாளுக்குப் பின் அவருடைய இடப்பக்கக் கன்னத்தில் சிரிப்பின் சாயல் ஒன்று ஓடிற்று.

"உன்மேல அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரலலே. நீ பூட்ட இழுத்து இழுத்துப் பாப்பேல்லா? அதுமாதிரி வந்து பாத்துட்டுப் போயிருக்கா."

இசக்கிமுத்து துணியைத் தொட்டார். அது குளிர்ந்திருந்தது. அவர் அதை எடுக்கவில்லை, மடிப்பையும் கலைக்கவில்லை. அலைபேசியை எடுத்து, மதுரைக் காப்பகத்தில் இடம் வேண்டாவென்று சொன்னார். பிறகு காவல் நிலையத்துக்குப் பேசி, இராஜபாளையத்துக்கு மாறுதல் கேட்டு எழுதித் தரப்போவதாகத் தெரிவித்தார்.

அடுப்பில் நீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"இனிமே நான்தான்பா குளிப்பாட்டுவேன்," என்று சொல்லிவிட்டு, அவர் பேசின்களை எடுக்கச் சென்றார்.