தூங்க வைத்த ஆள்பொம்மை

விருந்தாளிகள் வந்தால் இளம்பரிதியின் வீட்டில் முதலில் காணாமல் போவது படுக்கையறைதான். அவன் மனைவி ஹரிணி கைபேசித் திரையில் விரலை இழுப்பாள். அந்த வீட்டின் சின்ன அச்சாக, முழ அகலத்தில் இருக்கும் கைவீட்டின் சுவர் முதலில் நகரும். அது தடங்கலில்லாமல் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிஜச் சுவர் அதே வழியில் உருண்டு போய், கட்டிலை மடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் அடைத்துக்கொள்ளும். கூடம் இரு மடங்காகிவிடும். சென்னையில் இப்போது எல்லா வீடுகளும் இப்படித்தான். நிலம் கிடைக்காத ஊரில் சுவராவது விட்டுக்கொடுக்க வேண்டாமா?

கைவீட்டைக் கண்டுபிடித்ததே இளம்பரிதிதான். கல்லூரிக் கடைசி வருடத்தில் ஒட்டுப்பலகையில் ஒரு வீடு செய்து, பொம்மைக் கார்களிலிருந்து கழற்றிய மோட்டார்களைச் சுவர்களுக்கு அடியில் பொருத்தி, அவற்றை ஆட்டுவிக்கும் கட்டைவிரல் அகல மின்சில்லு ஒன்றை வைத்து, கைபேசியால் இயக்கிக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பேராசிரியர் மட்டும், "நடுவுல ஆள் மாட்டினா என்னப்பா ஆகும்?" என்று கேட்டார்.

அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் ஆள்பொம்மை. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் கைவீட்டில் சுண்டுவிரல் உயரப் பொம்மை ஒன்று உண்டு. ஆளின் காலடியைத் தரை உணரும். கைவீட்டுக்கு அடியில் ஓடும் காந்தம் பொம்மையையும் அதே இடத்துக்கு இழுத்துப் போகும். தரைக்குக் காலடி தெரியும், சுவருக்குத் தெரியாது. சுவருக்குத் தெரிந்ததெல்லாம் பொம்மைதான். பொம்மையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் எந்தப் பக்கமும் அசையாது. ஆள் வெளியே போனால் பொம்மை வாசற்படிக்கு வந்து, காந்தப் பிடி விட்டு நிற்கும். மற்ற நேரத்தில் பிடுங்கினாலும் வராது. குழந்தைகள் விளையாட்டாய் எடுத்துவிட்டால் என்ன ஆவது என்று அதையும் யோசித்திருந்தான். எதையும் யோசிக்காமல் விடும் வழக்கம் அவனுக்கில்லை.

அன்று விஜயதசமி. கொலு வைத்த நாளிலிருந்து எந்தப் பொம்மையையும் நகர்த்தக் கூடாது. கடைசி நாள் மாலை ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்ததாகக் கணக்கு. வழக்கமாக மரப்பாச்சிதான் படுக்கும். இந்த வருடம் ஹரிணி கைவீட்டையும் கொலுப்படியில் வைத்திருந்தாள். வந்த பெண்களெல்லாம் அதைச் சுற்றியே நின்றதில் அவளுக்கு ஒரு குறும்பு தோன்றியது. இளம்பரிதி வெற்றிலை வாங்கப் போயிருந்தான். கைவீட்டு வாசற்படியில் சும்மா நின்றிருந்த அவன் பொம்மையை எடுத்துக் கீழ்ப்படியில் பட்டுத்துணி விரித்துப் படுக்க வைத்தாள்.

"வருஷம் பூரா தூங்காம வேலை பாக்கற மனுஷன். இன்னிக்காவது தூங்கட்டும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு ஷர்மிளா தாலாட்டே பாடிவிட்டாள்.

இளம்பரிதி திரும்பி வந்தபோது ஹரிணி சமையலறையில் சுண்டல் அள்ளிக்கொண்டிருந்தாள். கூடம் நிறையப் பெண்கள். அவன் கூச்சக்காரன். வெற்றிலைப் பையைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் வாசலை ஒட்டிய படுக்கையறைக்குள் போய்ச் சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். உட்கார இடமில்லை. ஹரிணி கைபேசியை எடுத்து விரலை இழுத்தாள். கைவீட்டில் சுவர் எதிலும் முட்டாமல் போய்ச் சேர்ந்தது.

நிஜச் சுவர் வருவதை இளம்பரிதி படுத்தபடியே பார்த்தான். எழவில்லை. ஆள் இருக்கும் அறைக்குள் அது வராது என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? கால்மாட்டில் கட்டில் மடங்கத் தொடங்கியபோதுதான் குதித்தான். அதற்குள் கதவு மறைந்துவிட்டது. அவன் கத்தியது பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. சுவர் நின்றபோது, மடிந்த கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடுக்கில் இருந்தான். சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுப்பதே பெரும்பாடாக இருந்தது.

"ஹரிணி, உள்ள மாட்டிக்கிட்டேன்."

"எந்த உள்ள? கடைக்குத்தானே போனீங்க?" என்றவளின் கண்ணில் வெற்றிலைப் பை பட்டது. "ஐயோ, இருங்க, இதோ திறக்கறேன்."

"திறக்காத. ஆள் இல்லைன்னு நெனச்சு கட்டில் வேகமா விரியும், நசுங்கிடுவேன். என் பொம்மை எங்க?"

"தூங்க வெச்சிருக்கேங்க."

"சரி. எடுத்து வாசல்ல வை. நான் இருக்கேன்னு தெரிஞ்சா மெதுவா திறக்கும்," என்றான்.

வைத்தாள். காந்தம் பற்றிக்கொண்டது. பொம்மை விறுவிறுவென்று கைவீட்டுக் கூடத்தைக் கடந்து, அவன் இருக்கும் இடத்தை நோக்கிப் போய், குறுக்கே இருந்த சுவரில் முட்டி நின்றது. கைபேசியில் சிவப்பு எழுத்து வந்தது: சுவர் ஆளைத் தொடுகிறது, நகர்த்த இயலாது.

"பிடுங்கிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இழுத்தாள். நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"வராதும்மா."

"மெயினை அணைச்சா?"

"சுவர் பூட்டிக்கும்."

"இந்தச் சனியனை உடைச்சிடட்டுமா?"

"அப்பவும் பூட்டிக்கும்."

அவள் கேட்டதற்கெல்லாம் அவனிடம் பதில் இருந்தது. எல்லாம் அவனே செய்து வைத்த பதில். மெத்தையில் தூசி படியக் கூடாதென்று இடுக்கின் நாலு பக்கமும் ரப்பர் விளிம்பு வைத்ததும் அவன்தான். இப்போது அதன் வழியே காற்றும் வரவில்லை. ஷர்மிளாவின் கணவர் இரும்பு வெட்டும் கருவி தேடி ஓடினார். பட்டறைக்காரர்கள் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டதாம், சாமி ஊர்வல நெரிசலில் எங்கோ நிற்கிறதாம்.

ஹரிணி, இந்த வீடுகளைக் கட்டித் தரும், அவனே வேலை பார்க்கும் நிறுவனத்தின் உதவி எண்ணையே அழைத்து, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சத்தமாக வைத்தாள். ஒரு பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள்.

"கவலைப்படாதீங்க மேடம். பொம்மை நடுவுல மாட்டினா ரொம்ப சுலபம். சாரை ஒரு தடவை வாசல் வழியா வெளிய போயிட்டு உள்ள வரச் சொல்லுங்க. தானா சரியாயிடும்."

"அவரால வெளிய வர முடியலைங்க. அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

"புரியுது மேடம். எங்களுக்கு இந்த ஒரு வழிதான் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

சொல்லிக் கொடுத்தவன் இளம்பரிதிதான். வேறு சிக்கல் வரவே வராது என்று நம்பியதால் இரண்டாவது வழியை அவன் எழுதவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் தட்டும் ஓசை மெலிந்துகொண்டே வந்தது. பாடிக்கொண்டிருந்த பெண்கள் செய்வதறியாமல் கொலுவைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். ஹரிணி கைவீட்டின் முன் மண்டியிட்டு, சுவரோடு ஒட்டி நின்ற அந்தச் சுண்டுவிரல் உயரப் பொம்மையிடம், "ஒரே ஒரு தடவை வெளிய போயிட்டு வாங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.