நீலவானம் ஆன்லைனில் இருக்கிறான்!

"வீ...ல்!"

சமையலறையிலிருந்து வந்த அந்த அலறலில் பக்கத்து ஃப்ளாட் நாய் குரைப்பதையே நிறுத்திவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக், வாயில் பிரஷ்ஷோடு பாத்ரூமிலிருந்து பாய்ந்து வந்தான்.

"என்ன... என்ன ஆச்சு?"

அவன் மனைவி அடுப்புக்கு முன்னால்... உயிரோடுதான் நின்றிருந்தாள். ஒரு கையில் கரண்டி. மறு கையில் செல்ஃபோன். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கார்டியன்ங்க! சிவப்பு அக்கார்டியன்! ஆறு மாசமா தேடறேன்... இன்னிக்கு ஒருத்தர் விக்கப் போட்டிருக்கார்!"

"இதுக்கா இந்தக் கத்து? கொஞ்சம் விட்டா பிரஷ்ஷையே முழுங்கியிருப்பேன்!"

அக்கார்டியன் என்றால் மார்பில் மாட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து வாசிக்கும் பெட்டி. புதிதாக வாங்கினால் வீட்டை விற்க வேண்டும். அதனால் அவள், பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஆப் ஒன்றில் தினமும் துழாவிக்கொண்டிருந்தாள்.

"யாரு விக்கிறது?" மெக்கானிக் ரொம்ப சாதாரணமாகக் கேட்டான். ரொம்ப ரொம்ப சாதாரணமாக.

"'நீலவானம்'னு பேர் வெச்சிருக்கார். கடலைப் பாத்துத் திரும்பி நிக்கற ஃபோட்டோ. முகம் தெரியல."

"ஓஹோ... தோள் மட்டும் நல்லாத் தெரியுதாக்கும்?"

"தோளை நான் எதுக்குங்க பாக்கறேன்? பொருளைப் பாக்கறேன்!"

அவன் பாத்ரூமுக்குத் திரும்பினான். தாழ் போட்டான். துண்டுக்குள் ஒளித்து வைத்திருந்த இன்னொரு செல்ஃபோனை எடுத்தான்.

திரையில் ஒரு வரி.

'நீலவானம், உங்களுக்கு ஒரு புதிய செய்தி!'

ஆமாம்... நீங்கள் நினைப்பது சரிதான். நீலவானம் இவனேதான்! தோள் மட்டும் இன்டர்நெட்டில் சுட்டது.

பிணம் எங்கே என்று தேட வேண்டாம். இந்தக் கதையில் சாகக் கிடப்பது ஒரு கல்யாணம்.

மெக்கானிக்கின் பொறாமை சாதாரணப் பொறாமை இல்லை. "வாயை நல்லாத் திறங்க" என்று மனைவியிடம் சொன்ன குற்றத்துக்காகப் பல் டாக்டரையே மாற்றியவன் அவன். டிவியில் வானிலை சொல்பவன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று சேனலை மாற்றியவன். போன மாதம் அவள் குளிக்கும்போது அவளுடைய செல்ஃபோனை நோண்டி, கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

அன்றைக்கு அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவை என்னை வேவு பாத்தீங்கன்னு தெரிஞ்சா... பெட்டியைத் தூக்கிட்டு எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

அதனால் இப்போது அவன் அவளுடைய ஃபோனைத் தொடுவதில்லை. தன்னுடைய ஃபோனில் இன்னொருத்தனாக மாறி, அவளோடு பேசிப் பார்க்கிறான். அவளைவிட்டு ஒருநாளும் இருக்க முடியாது அவனால். அதற்காக அவன் செய்த காரியம் இது!

மூடிய கம்மோடின் மேல் உட்கார்ந்து செய்தியைத் திறந்தான்.

'வணக்கம் சார். பொருள் இன்னும் இருக்கா?'

'சாரா...? என்னை ஒருநாளாவது சார்னு கூப்பிட்டிருக்காளா?' என்று பல்லைக் கடித்தான்.

பிறகு பதில் தட்டினான். 'இருக்கிறது தோழி. உங்களுக்காகவே காத்திருக்கிறது.'

பத்து நாள் இப்படியே பேச்சு நடந்தது. பதினோராவது நாள்.

பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட்டின் மோட்டார் அறையில் நின்றிருந்தான். கை முழுக்க கிரீஸ். ஃபோன் கிணுகிணுத்தது.

'வீடியோ கால்ல வர முடியுமா சார்? பாக்காம முடிவு பண்ண மாட்டேன்.'

"முகம் பாக்கணுமாம் முகம்!" என்று மோட்டாரிடம் கத்தினான். மோட்டார் பதில் சொல்லவில்லை.

'கேமரா ரிப்பேர்' என்று அனுப்பினான். 'ஆப்பை விட்டுட்டு வேற நம்பரில் பேசலாமே?'

'வேண்டாம் சார். எது பேசினாலும் இந்த ஆப்புக்குள்ளயே இருக்கட்டும்.'

"பாத்தியா... ரகசியம்! எனக்குத் தெரியாம இருக்கணும்னு!"

ஊரில் வேறு யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு, 'கெட்டிக்காரப் பெண்!' என்று பாராட்டியிருப்பார்கள். பாங்க்கின் மோசடிப் புகார் பிரிவில் உட்கார்ந்து, முகம் தெரியாதவனுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு அழுகிறவர்களின் குரலை நாள் முழுக்கக் கேட்பவள் அவள். அவளுக்கு இதெல்லாம் பாலபாடம். மெக்கானிக்கின் கண்ணுக்கோ எல்லாமே காதல் கடிதமாகத் தெரிந்தது.

அவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

'என் கணக்குக்கு நேராகப் பணம் போடுங்கள் தோழி. என் மேல் நம்பிக்கை இல்லையா?'

போட்டாளானால்... அவ்வளவுதான். தோளில் மயங்கிவிட்டாள் என்று அர்த்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

'நம்பிக்கை வேற, பணம் வேற சார். ஆப் வழியாத்தான் கட்டுவேன். பணத்தை அவங்க பிடிச்சு வெச்சிருப்பாங்க. பொருள் கைக்கு வந்து, நான் வாசிச்சுப் பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் உங்களுக்கு வரும்.'

அப்பாடா!

அவன் நெஞ்சு குளிர்ந்தது. சரியாக அரை நிமிஷம்.

'சனிக்கிழமை மத்தியானம் மால்ல இருக்கற காபிக் கடைக்கு எடுத்துட்டு வாங்க. கேமரா இருக்கற இடம். ரெண்டு பேருக்கும் நல்லது. அதுக்கு முன்னாடி, அக்கார்டியன் பக்கத்துல ஒரு பேப்பர்ல இன்னிக்குத் தேதி எழுதி வெச்சு ஃபோட்டோ அனுப்புங்க. அனுப்பினா கட்டாயம் வருவேன்.'

காபி! ரெண்டு பேருக்கும்! கட்டாயம்!

அவனுக்குக் கண் இருட்டியது.

"வரட்டும். காபிக் கடையிலயே கையும் களவுமா பிடிக்கறேன்!"

ஒரே ஒரு சிக்கல். ஃபோட்டோ எடுக்க அவனிடம் அக்கார்டியன் இல்லை!

இதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். நீலவானத்தை அழித்துவிட்டு வீட்டுக்குப் போய், மனைவி கையால் ஒரு டீ வாங்கிக் குடித்திருக்கலாம். ஆனால் பொறாமை பிடித்தவனுக்கு டீயும் இறங்காது.

அதே ஆப்பில் தேடினான். வலை வீசிய ஐந்தாவது நிமிஷத்தில் மாட்டியது... அதே சிவப்பு அக்கார்டியன்! விற்பவர் பெயர், 'ரிட்டயர்டு டீச்சர்'.

'டீச்சர், அக்கார்டியன் எனக்கு வேணும். அவசரம்.'

'அடடா, லேட்டா வந்தீங்களே தம்பி. நேத்தே ஒரு பையன் பேசி முடிச்சுட்டான். நல்ல பையன். ஆளும் ஜம்முனு இருப்பான்.'

'அவனுக்கு எதுக்கு டீச்சர்?'

'யாருக்கோ பரிசாக் குடுக்கணுமாம். பாங்க்ல ஃபோன்ல புகார் கேக்கற பொண்ணாம். ஆறு மாசமா சிவப்பு அக்கார்டியனுக்குத் தவம் கிடக்கறாளாம்.'

ஃபோன் கிரீஸில் வழுக்கித் தரையில் விழுந்தது.

இருக்கிறான்! நிஜமாகவே ஒருத்தன் இருக்கிறான்! இத்தனை நாளும் ஒரு நிழலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோமே... நிஜமானவன் பரிசோடு வாசலுக்கே வந்துவிட்டானே!

'டீச்சர்! அவனுக்குக் குடுக்காதீங்க! ஆப்ல இப்பவே பணம் கட்டறேன்!'

'அந்த ஆப்பெல்லாம் எனக்குப் புரியாது தம்பி. அவங்க பணத்தைப் பிடிச்சு வெச்சுட்டு எப்பத் தருவாங்களோ? நேராப் போடறதுன்னா க்யூஆர் அனுப்பறேன். அந்தப் பையன் பஸ்ஸை விட்டு இறங்கிட்டானாம். தெருமுனையில வந்துட்டிருக்கான்...'

தெருமுனையில்!

படம் வந்தது. ஸ்கேன் செய்தான். திரையில் யாருடைய பெயரோ வந்தது. அதன் கீழே, 'உறுதி செய்யவும்' என்று பச்சையாக ஒரு பொத்தான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது பச்சை மட்டும்தான்.

அழுத்தினான்.

கணவனும் மனைவியுமாகச் சேர்த்து வைத்த பணம் பறந்தது.

'போட்டுட்டேன் டீச்சர்! விலாசம் சொல்லுங்க!'

பதில் இல்லை.

'டீச்சர்...?'

ஆப்பின் அறிவிப்பு ஒன்று வந்தது. 'இந்தக் கணக்கு இப்போது இல்லை.'

அவன் போட்ட அலறல் லிஃப்ட் குழி வழியாகப் பன்னிரண்டு மாடியும் இறங்கியது!

பாங்க்கின் புகார் எண்ணை அழுத்தினான். அந்தப் பிரிவில் பதினைந்து பேர் இருக்கிறார்கள். பதினைந்தில் ஒருத்தி அவன் மனைவி. மற்ற பதினாலு பேரில் யாராவது எடுத்தால் போதும்... கடவுளே!

"வணக்கம். மோசடிப் புகார் பிரிவு. சொல்லுங்க சார், என்ன உதவி வேணும்?"

அவள்!

அவசரமாகக் கைக்குட்டையை வாயில் வைத்து அமுக்கினான். குரலைக் கட்டையாக்கினான்.

"ஒ... ஒருத்தர்கிட்ட பழைய பொருள் வாங்கப் பணம் போட்டேன் மேடம். ஏமாத்திட்டாங்க."

"ஆப் வழியாவா, நேராவா சார்?"

"நேரா..."

"பொருளைப் பாத்தீங்களா?"

"இல்ல..."

"பணம் போடறப்ப யாரோட பேர் வந்துச்சு? படிச்சீங்களா?"

"படிக்கல மேடம். அவசரம்."

"என்ன சார் அவசரம்? பொருள் ஓடியா போயிடும்?"

"பொருள் ஓடாது மேடம்... என் மனைவி போயிடுவாளோன்னு பயம்."

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சரி சார். போட்டு ரொம்ப நேரம் ஆகலன்னா பணத்தை நிறுத்திடலாம். உங்க கணக்கு எண் சொல்லுங்க."

சொன்னால் மனைவி போச்சு. சொல்லாவிட்டால் பணம் போச்சு. ஃபோனை வைத்துவிட்டு ஓடிவிடலாமா?

கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது. அவளும் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். அதை நினைத்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. கைக்குட்டையை எடுத்தான்.

"நான்தாம்மா... நான்தான். நீலவானமும் நான்தான். உன்னை வேவு பாத்தேன். பணத்தைத் தொலைச்சுட்டேன். நீ போறதுன்னா போ. ஆனா அந்தப் பணத்தை மட்டும் நிறுத்திடு. அதுல உன் உழைப்பும் இருக்கு."

"தெரியும்."

"எ... எது தெரியும்?"

"எல்லாம்! பணம் போன கணக்கோட பேரைப் படிக்கட்டுமா? என் பேர்தாங்க வருது!"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அப்ப... ரிட்டயர்டு டீச்சர்?"

"நான்தான். இன்னும் ரிட்டயர் ஆகல."

"எப்படி... எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நீங்க லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினா நீலவானத்துக்கும் சிக்னல் போயிடுது. நீங்க பாத்ரூம் போனா அவனுக்குப் பேச்சு வந்துடுது. இதுக்குத் துப்பறியும் நிபுணர் வேணுமா? ஃபோட்டோ கேட்டா அதே ஆப்பைத்தான் துழாவுவீங்கன்னு டீச்சரைப் போட்டு வெச்சேன். பணம் போனா இங்கதான் கூப்பிடுவீங்கன்னு, உங்க நம்பர் வந்தா எனக்குத் தள்ளி விடச் சொல்லி வெச்சிருந்தேன்."

"என்னை ஏமாத்திட்டியே..."

"ஒரு நாள்தானே ஏமாந்தீங்க? எனக்குக் கல்யாணமாகி மூணு வருஷமா இதேதாங்க! நாள் முழுக்க அடுத்தவங்க அழறதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா, அங்க அழறது என் முறை. அதைக் கேக்க ஒரு பிரிவும் கிடையாது." அவள் குரல் உடைந்தது. "என் மேஜைக்கு அடியில பெட்டி ரெடியா இருக்கு. நீங்க இப்ப சொல்லாம ஃபோனை வெச்சிருந்தா, அக்கா வீட்டுக்கு பஸ் ஏறியிருப்பேன்."

அவனுக்கு அழுகை வந்தது. கிரீஸ் கையாலேயே துடைத்துக்கொண்டான்.

"இனிமே சத்தியமா மாட்டேம்மா... உனக்கு நல்ல அக்கார்டியனா நானே தேடித் தரேன்."

"வேண்டாம். போன வாரமே வாங்கிட்டேன். நேர்ல பாத்து, வாசிச்சுப் பாத்து, ஆப்ல பணம் கட்டி."

"அப்படியா? யார்கிட்ட? ஆம்பளையா?"

கேட்டு முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஃபோனில் நீளமாக ஒரு பெருமூச்சு.

"உங்களைத் திருப்பி அனுப்பிடலாம்னு காலையிலயே உங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணேன்..."

"அம்மாவுக்கா? அம்மா என்ன சொன்னாங்க?"

"'வித்த பொருள் வாபஸ் கிடையாது'ன்னு சொல்லி வெச்சுட்டாங்க!"