எல்ம்பரியின் கொதிநிலை

காலை ஆறரைக்குச் சுவர்த்திரை தானாக விழித்துக்கொள்ளும். அதற்கு முன்பே வல்லி காபியை ஆற்றி வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். எல்ம்பரி கவுண்டி என்ற அமெரிக்க மாவட்டத்தில் வயது வந்த ஒவ்வொருவரும் எட்டு மணிக்குள் அன்றைய தலைப்புச் செய்திக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். குறைந்தது இருபது சொல். மாதத்தில் மூன்று நாள் தவறினால் வீட்டுக்குக் கடிதம் வரும். கடிதத்தில் திட்டு ஒன்றும் இருக்காது. 'உங்கள் குரலைக் கேட்க ஆவலாக இருக்கிறோம்' என்றுதான் இருக்கும். அதைப் படித்தவர்களுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

அமெரிக்காவில் செய்தியை யாருமே நம்பாமல் போன காலம் ஒன்று இருந்தது. ஒரு சேனல் மழை என்றால் இன்னொன்று வெயில் என்றது. ஜன்னலைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. இரண்டு கட்சிகளும் சேனல்களைக் கையில் வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டன. அடித்துக் களைத்த பிறகு ஒரே ஒரு விஷயத்தில் கைகோத்தன. இனிச் செய்தி ஒன்றே ஒன்று, கருத்து மட்டும் மக்களுடையது. சட்டத்துக்கு 'மறுமொழிக் கடமை' என்று பெயர். பேச்சுரிமையைக் கடமையாகவே ஆக்கிவிட்ட முதல் நாடு என்று அப்போது மார்தட்டிக்கொண்டார்கள். கொடுத்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் தண்டனை என்பது எந்த ஊர் உரிமை என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் இப்போது கேட்பதில்லை.

மறுமொழியைச் சொல்லி முடித்ததும் திரையின் ஓரத்தில் ஓர் எண் வரும். தமிழர்கள் அதற்குக் கொதிநிலை என்று பெயர் வைத்திருந்தார்கள். பூச்சியம் என்றால் பச்சைத் தண்ணீர், நூறு என்றால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. ஆளுடைய எண்ணுக்குக் கீழே கவுண்டி மொத்தத்துக்குமான சராசரியும் ஓடும். அந்த எண்களை வைத்து அரசாங்கம் என்ன செய்கிறது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதாததால் ஆளுக்கொரு பயம். குடியுரிமை இல்லாதவர்களுக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே பயம்: எண் ஏறினால் விசா இறங்கும்.

எல்ம்பரியில் வயது வந்தவர்கள் மொத்தம் நாலாயிரம் பேர். அதில் ஆயிரத்து எண்ணூறு பேர் மின்கலத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த தமிழர்கள். வந்த புதிதில் அடுத்த வீட்டு ஹேமாவதி ஒரு நாள் அழுதுகொண்டு வந்து, "என்ன சொன்னாலும் எண் ஏறுது அக்கா" என்றபோது வல்லி தன் மறுமொழியைக் கொடுத்து உதவினாள். அப்புறம் எதிர்வீடு, அப்புறம் தெரு, அப்புறம் தமிழ்ச் சங்கத்தின் கைபேசிக் குழு முழுக்க. ஒன்பது வருடமாக ஆறே முக்காலுக்கு வல்லி எழுதிப் போடுவாள். எல்லாரும் சொல் ஒன்றிரண்டை முன்பின் மாற்றி, திரையைப் பார்த்துப் படித்துவிட்டு அவரவர் ஷிஃப்டுக்குப் போவார்கள். அதற்கு 'வல்லியுரை' என்று பெயரே விழுந்துவிட்டது.

பட்டும் படாமலும் எழுதுவது லேசான காரியமில்லை. வருத்தத்தைத் தொட வேண்டும், கோபத்தைத் தொடக் கூடாது. எந்தக் கட்சியும் முகம் சுளிக்கக் கூடாது. சும்மா 'நன்று' என்றாலும் உள்ளே என்ன மறைக்கிறாய் என்று எண் ஏறும். வல்லிக்கு அது கைவந்த கலை. ஒன்பது வருடத்தில் வல்லியுரை பதினைந்தைத் தாண்டியதில்லை என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு. செய்தி என்ன என்று அந்த ஆயிரத்து எண்ணூறு பேரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அன்று வியாழக்கிழமை. திரையில் வழக்கமான பெண் வழக்கமான புன்னகையோடு சொன்னாள்: "எல்ம்பரி தங்கல் முகாமில் இருந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் வெளித்தீவு முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். நடவடிக்கை அமைதியாக நடந்து முடிந்தது."

வல்லி டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவன் அவள் தம்பி சேந்தன். விசா புதுப்பிக்க ஒன்பது நாள் தாமதமானதற்கு அவனை இரண்டு மாதமாக உள்ளே வைத்திருந்தார்கள். அடுத்த புதன்கிழமை விசாரணை. ஆள் நேரில் நின்றால் போதும், அன்றைக்கே வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று வக்கீல் அடித்துச் சொல்லியிருந்தார். வெளித்தீவுக்குப் போனால் வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. அங்கே போனவர்கள் யாரும் இதுவரை போன் செய்ததில்லை.

"ஏங்க," என்று கூப்பிட்டாள்.

மாசிலாமணி துண்டோடு வந்து திரையைப் பார்த்தார். அவருக்கு மதிய ஷிஃப்ட். "முதல்ல உரையச் சொல்லு வல்லி," என்றார் மெதுவாக. "எப்பவும் போலச் சொல்லு. அக்காக்காரி கொதிக்கான்னு பதிஞ்சா, அங்க அவனத்தான் போட்டு வதைப்பானுவ."

அவளும் அதைத்தான் நினைத்தாள். அந்தப் பயத்தில் தன் வாழ்நாளிலேயே ஆகக் குளிர்ந்த மறுமொழியை எழுதினாள். இடமாற்றங்கள் நிர்வாகத்தில் இயல்பு என்று எழுதினாள். குடும்பங்களின் கவலையும் புரிகிறது, அதிகாரிகளின் சிரமமும் புரிகிறது என்று எழுதினாள். படித்தபோது ஓர் இடத்தில்கூடக் குரல் உடையவில்லை. திரையில் பதினொன்று வந்தது. குழுவில் போட்டாள். எட்டு மணிக்குக் கவுண்டியின் சராசரி பதின்மூன்றில் நின்றது.

முகாமின் போன் எட்டரைக்குத்தான் திறக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் அழைத்தாள். தினமும் அவள் அழைக்கும் நேரம் அது. மூன்றாவது மணியில் சேந்தனே எடுத்தான்.

"சொல்லுக்கா."

"சேந்தா? எங்கடா இருக்க?"

"இங்கதான். ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கேன். ஏன் பதறுத?"

வல்லி சிரித்தாள், அழுதாள். இரண்டும் ஒன்றாக வந்தது. "உங்க எல்லாரையும் வெளித்தீவுக்கு மாத்திட்டதாச் செய்தி போட்டானுவடா. பொய்ச் செய்தி. நான் உசுரையே விட்டுட்டேன்."

ரொட்டியை மெல்லும் சத்தம் நின்றது.

"அக்கா, இன்னைக்குக் காலைலயா போட்டாங்க?"

"ஆமா. ஆறரைக்கு."

"இங்க ஒருத்தர் இருக்காரு, வேற முகாம்லேர்ந்து வந்தவரு. அவரு இருந்த எடத்துலயும் இப்படித்தான் செய்தி முதல்ல வந்துச்சாம். அந்த ஊரு ஜனங்க கொதிச்சுட்டாங்களாம், சராசரி நாப்பதத் தாண்டிட்டாம். மறுநாள் 'தவறான செய்தி'ன்னு ரெண்டு வரி போட்டு மூடிட்டாங்க. பக்கத்து ஊர்ல அதே செய்திக்கு யாரும் கொதிக்கல. அங்க மத்தியானமே பஸ் வந்துட்டு." அவன் குரல் தணிந்தது. "அது நடந்த செய்தி இல்லக்கா. நடத்தலாமான்னு ஆழம் பாக்குறது. பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பாங்களாம். ஊரு எவ்ளோக்கா காட்டுது?"

வல்லி திரையைப் பார்த்தாள். பதின்மூன்று. நாலாயிரம் பேரில் ஆயிரத்து எண்ணூறு பேர் அவளுடைய வாயால் பேசியிருந்தார்கள். ஒன்பது வருடத்தில் இப்படி எத்தனை செய்திகள் வந்தன, எத்தனைக்குப் பதினைந்துக்குக் கீழே எழுதினாள் என்று அந்த ஒரு கணத்தில் அவளுக்கு உறைத்தது. மூடிய பள்ளிக்கூடம், நிறுத்திய மருந்து, இடித்த தெரு. நடந்து முடிந்தவை என்று நினைத்து எழுதியவை.

"பாத்துக்கிடுதேன்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

பன்னிரண்டு வரை மறுமொழியைத் திருத்தலாம். சட்டத்தில் அந்த வசதி இருந்தது, பயன்படுத்தியவர்தான் யாரும் இல்லை. வல்லி திரைக்கு முன்னால் நின்று இருபது சொல்லுக்குப் பதில் இருநூறு சொல் பேசினாள். ஒன்பது நாள் தாமதத்துக்கு ஒரு மனிதனைக் கடலுக்கு அப்பால் எறிவீர்களா என்று கேட்டாள். எங்களை ஆழம் பார்த்துவிட்டுத்தான் அநியாயம் செய்வீர்களா என்று கேட்டாள். எண் தொண்ணூற்று ஏழு. மாசிலாமணி தயங்கித் தயங்கிப் பேசியும் அறுபத்திரண்டு வந்தது. மனிதர் வியர்த்துப் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது இருபதுக்குக் குழுவில் போட்டாள். காலை உரையைத் திருத்துங்கள், இதைச் சொல்லுங்கள், காரணம் இது, என் தம்பி உள்ளே இருக்கிறான் என்று ஒன்று விடாமல் எழுதினாள். பதில்கள் மளமளவென்று வந்தன.

'யாரும் இதை நகலெடுக்காதீர்கள். வல்லி அக்கா கணக்கை யாரோ திருடிவிட்டார்கள்.'

'அக்கா எழுதினால் இப்படியா இருக்கும்? ஒரு வரி படித்தாலே தெரிகிறது, இது போலி.'

'நம்மை மாட்டிவிடப் பார்க்கிறார்கள். உஷார்.'

தன் முகத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். பேசி அனுப்பினாள். முகத்தையும் குரலையும் இயந்திரம் செய்து தரும் காலத்தில் அதெல்லாம் எம்மாத்திரம். ஒன்பது நாற்பதுக்குக் குழுவிலிருந்து அவளை நீக்கினார்கள். அவளுடைய நல்ல பெயரைக் காப்பாற்றுவதற்காகத்தான் நீக்கினார்கள் என்பதுதான் கொடுமை.

ஹேமாவதி வீட்டுக் கதவை ஓடிப்போய்த் தட்டினாள். திறந்தவள் வல்லியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். நிஜ ஆள்தான் என்று தெரிந்ததும் முகம் வெளிறியது.

"அப்போ நீங்களேதான் எழுதினீங்களா?"

"நான்தான் ஹேமா. ஒரு தடவை திருத்திச் சொல்லு. நீ சொன்னா நாலு பேர் சொல்லுவாங்க. புதன்கிழமை விசாரணை, அதுக்குள்ள கொண்டு போயிருவாங்க."

ஹேமாவதி உள்ளே திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு மார்ச்ல விசா புதுப்பிக்கணும். இப்போ போயி எண் ஏறுச்சுன்னா..." கண் கலங்கியது. "எதுன்னாலும் பொறுத்துப் போகணும்னு நீங்கதானேக்கா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க."

வல்லி அடுத்த வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த வீட்டுக்கும் போனாள். மாசிலாமணி எதிர்ச்சாரியில் தட்டிக்கொண்டே போனார். சிலர் அழைப்பு மணிக்கே வரவில்லை. திரைச்சீலை மட்டும் அசைந்தது. சிலர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள், மறுமொழியை மட்டும் தொடவில்லை. மின்கல ஆலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு முதியவர், என்ன ஏது என்று முழுதாகக் கேட்காமலே, "தலைக்கு மேல வெள்ளம் போனா ஜாண் என்ன, முழம் என்னம்மா" என்று திரைக்கு முன்னால் போய்க் கத்திவிட்டு வந்தார். அவரைப் போல் நாற்பது வீடு கிடைத்திருக்கும். தட்ட வேண்டிய வீடு அறுநூறுக்கு மேல் இருந்தது. வல்லியின் கால் வேகத்துக்குக் கடிகாரம் நிற்கவில்லை.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு வீட்டுக்கு ஓடிவந்தாள். திரை பதினாறு காட்டியது. பதினேழாகுமா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். பன்னிரண்டுக்கு எண் மறைந்து, 'உங்கள் குரலுக்கு நன்றி' என்று வந்தது.

பன்னிரண்டு பத்துக்குச் சேந்தன் அழைத்தான். பின்னால் இஞ்சின் சத்தம் கேட்டது.

"அக்கா, பஸ் வந்துட்டு. ஏழெட்டு நிக்கு." மூச்சு வாங்கியது. "எல்லாரும் பேசுறதுக்காக வரிசைல நிக்காங்க, ஒரு நிமிஷந்தான். ஊரு எவ்ளோ வந்துச்சு?"

"பதினாறு."

"நீ?"

"தொண்ணூத்தேழு."

அவன் சிரிக்கப் பார்த்தான். "உனக்குக் கோவமெல்லாம் வருமாக்கா? நான் பாத்ததே இல்லையே."

வல்லிக்கு மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆறுதலாக இரண்டு சொல் சொல்லி வைப்பது அவளுக்குத் தெரியாததா. ஆனால் நாக்கு அதற்கு வளையவில்லை. "காலைல நான் பதினொண்ணுடா சேந்தா. நீ அங்க போயிட்டன்னு நெனச்சு, உனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதேன்னு பயந்து எழுதினேன். ஊரெல்லாம் அதத்தான் சொல்லுச்சு. நான்தான்டா உன்னை அனுப்புதேன்."

"எனக்காகப் பயந்துதான எழுதின," என்றான் சேந்தன். "விடு. பயப்படாதக்கா, எனக்கும் பயமா இருக்கு." யாரோ அவனை அதட்டினார்கள். "பேரு வாசிக்காங்க. வைக்கேன்."

அவன் போனைச் சரியாக வைக்கவில்லை. சுவரில் அது தொங்கி ஆடும் சத்தம் கேட்டது. அதற்கு அப்பால் ஒரு பெண் குரல், காலையில் செய்தி சொன்னவளைப் போலவே நிதானமாக, பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. ஸ்பானியப் பெயர், சீனப் பெயர், மறுபடி ஸ்பானியப் பெயர். சேந்தனின் பெயரை அவள் இரண்டு தடவை தப்பாக வாசித்தாள். மூன்றாவது தடவை அவனே சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "இருக்கேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். காலடிச் சத்தம் போயிற்று. அடுத்த பெயர் வந்தது.

மாசிலாமணி பக்கத்தில் வந்து நின்றார். "வச்சிரு வல்லி. கேக்காத."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கடைசிப் பெயரை வாசிக்கும்வரை போனை வைக்கவில்லை.