ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கொடுவா

சகலருக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில், கண்டக்குழி கரையோர மீனவர் நலன்புரிச் சங்கத்தின் தலைவரும், கோயில் திருவிழாச் சபையின் முன்னாள் செயலாளரும், சொன்ன சொல் தவறாதவர் என்று பல மேடைகளில் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொண்டவருமான திருவாளர் சாள்ஸ் அவர்கள், எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை மதிய போசனத்தை முன்னிட்டு ஒரு கொடுவா மீனைச் சொந்தக் கையால், சொந்தத் தூண்டிலால், எவருடைய உதவியுமின்றிக் கரையில் நின்றே பிடிப்பதற்குத் திருவுளம் கொண்டுள்ளார்.

இந்த அறிவித்தல் எந்தப் பலகையிலும் ஒட்டப்படவில்லை. சாள்ஸே வாயால் சொன்னார். கோயில் வாசலில் சொன்னார், பாண் வாங்கிய கடையில் சொன்னார், ஐஸ் லொறிக்காரனை மறித்து வைத்துச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் கரை முழுவதும் அறிந்துவிட்டது. கொடுவாக்களும் அறிந்திருக்கவேண்டும். சனிக்கிழமை இருட்டி வெகுநேரமாகியும் ஒன்றுகூட அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

வந்தது மணிச்சத்தம் மட்டுந்தான்.

மணலில் நட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் தூண்டில் தடியைச் செருகி, அதன் நுனியில் ஒரு சின்ன மணியைக் கட்டியிருந்தார். நண்டு இரையைக் கிள்ளினால் மணி சிணுங்கும். கொடுவா விழுங்கினால் பைத்தியம் பிடித்ததுபோல் அடிக்கும். இது இரண்டுமில்லை. மணி ஒருதரம் அடித்தது. ஒரு மூச்சு விடும் நேரம் நின்றது. இன்னொருதரம். நின்றது. மூன்றாந்தரம். பிறகு ஒன்றுமேயில்லை.

சாள்ஸ் எழும்பிப் போய் நூலைச் சுற்றி எடுத்துப் பார்த்தார். கொளுக்கியில் இரைக்குப் போட்ட மணலை என்ற மீனின் துண்டு குத்தியபடியே இருந்தது. நண்டு பொறுக்கும் அந்தக் கரையில், இவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்த மீன்துண்டில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வெட்டிக் குத்தி, அலை உடையும் இடத்துக்கு இப்பால், கொடுவா இரை தேடி வரும் பள்ளத்துக்குள் விழும்படி வீசினார். வந்து கதிரையில் இருந்தார். எழும்பினார். மணியைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி இருந்தார்.

சனி இரவு இந்தக் கரையிலிருந்து படகு இறங்காது. ஞாயிறு பூசை முடியும்வரை வலை ஈரமாகக்கூடாது என்பது ஊர்க்கட்டு. படகுகள் எல்லாம் மணலில் ஏற்றப்பட்டு, படுத்த மாடுகளைப்போல வரிசையாகக் கிடந்தன. பட்டம் கட்டிக் கடலில் ஓட வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதிகள், சோளகக் காற்று ஓய்ந்த இந்த மாதத்தில் பூட்டிக் கிடந்தன. அவற்றில் ஒன்றின் தகரக் கதவு மட்டும், காற்று அறவே இல்லாத அந்த இரவில், எதையோ நினைத்துக்கொண்டதுபோல் இடைக்கிடை முனகியது. அலை உடைந்து, நுரை மணலில் ஊர்ந்து ஏறி, நூறு பேர் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்ததுபோல் 'ஸ்ஸ்' என்று வடிந்து போனது. அதன் பின்னால் வரும் மௌனம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டுகொண்டு போவதாக அவருக்குத் தோன்றியது.

தலைவர்கள் பயப்படுவதில்லை. சாள்ஸ் இருமினார்.

உண்மையில் அவருக்கு அந்த மீன் வேண்டும். மகள் ஷானிகாவைப் பார்க்க நாளை மதியம் சிலாபத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இதற்கு முன் பேசிய இரண்டு சம்பந்தங்களும் சாள்ஸின் வாயால் போனவை. முதலாவது மாப்பிள்ளை வீட்டாரிடம் ஆயரே நேரில் வந்து திருமணத்தை நடத்துவார் என்று சொன்னார். ஆயருக்கு அது தெரியாது. இரண்டாவது மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். துறைமுகத்துக்கு அது தெரியாது. இந்த முறை மாப்பிள்ளையின் தகப்பன் சிலாபம் சந்தையில் மொத்த மீன் வியாபாரி, மீனின் கண்ணைப் பார்த்தே எத்தனை தரம் ஐஸ் மாற்றியது என்று சொல்லக்கூடியவர். அவரிடம் போய்ச் சாள்ஸ், "என்ர கையால பிடிச்ச கொடுவாதான் உங்களுக்குச் சாப்பாடு" என்றார். பக்கத்தில் நின்ற ஷானிகாவின் முகம் எப்படிப் போனது என்பதை அவர் கவனிக்கவில்லை. மேடையில் நிற்பவருக்கு முன்வரிசை தெரிவதில்லை.

இப்போது போன் அடித்தது. அவள்தான். அம்மா இல்லாத வீட்டில் நாளைய சமையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள்.

"அப்பா, வாங்க வீட்ட. கோழி ஆக்குவம். அவங்க ஒண்டும் நினைக்க மாட்டாங்க."

மீன் வியாபாரிக்குக் கோழி வைப்பது, பாதிரியாரைக் கூப்பிட்டுவிட்டுப் பூசை வைக்காமல் அனுப்புவது போன்றது என்று சாள்ஸ் விளக்கத் தொடங்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாள்ஸ் சொன்னாச் சொன்னதுதான் மகள்," என்று முடித்தார்.

"அதுதானப்பா எனக்குப் பயம்."

அவர் போனைக் கதிரையின் கைப்பிடியில் தைத்த பையில் வைத்தார். மணி அடித்தது.

ஒன்று. மூச்சு. இரண்டு. மூச்சு. மூன்று.

இந்தக் கணக்கு அவருடைய எலும்புக்குத் தெரியும். தெரியாததுபோல் இவ்வளவு நேரம் இருந்ததுதான் அவருடைய திறமை.

சண்டை முடிந்து கடல் திறந்த காலத்தில் அவரும் மனுவேலும் ஒரே படகில் கடலட்டை எடுக்கப் போனவர்கள். ஒருவன் இடுப்பில் கயிறு கட்டி இறங்குவான், மற்றவன் மேலே கயிற்றைப் பிடிப்பான். கீழேயிருந்து மூன்று இழுப்பு வந்தால் 'தூக்கு'. மேலே இருப்பவன் தானும் மூன்று தரம் இழுத்து, 'தூக்குகிறேன்' என்று பதில் சொல்லவேண்டும். பதில் சொன்னால் தூக்கியே ஆகவேண்டும். ஏறியவன் கயிற்றைப் பிடிப்பான், பிடித்தவன் இறங்குவான். மேலேயிருந்து ஒரே இழுப்பு வந்தால் 'போ'. அவ்வளவுதான் பாஷை. மனுவேல் இடதுகைக்காரன், கயிற்றை இடது முழங்கையில் சுற்றிச் சுற்றி மடிப்பான். நல்ல கயிற்றுக்காரன். பிறகு சாள்ஸ் தலைவரானார். தலைவர்கள் நனைவதில்லை. மனுவேல் வேறு ஆட்களோடு போனான். போன பருவத்தில் ஒருநாள் கடலடிப் பாறைப் பாருக்குக் கீழே இறங்கினான். கயிறு மட்டும் ஏறியது. கடற்படையும் தேடியது, ஊரும் தேடியது. கடல் ஒரு செருப்பைக்கூடத் திருப்பித் தரவில்லை.

நினைவுக் கூட்டத்தில் சாள்ஸ் பேசினார். பழைய கயிற்றை வீட்டிலிருந்து எடுத்துப் போய், ஒலிவாங்கிக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தார். "மனுவேல்! நீ எங்கே இருந்தாலும் மூன்று தரம் இழு! இந்தச் சாள்ஸ் உன்னைத் தூக்குவான்! உன் முறைக்கு நான் இறங்குவேன்!" என்றார். ஒலிபெருக்கி கீச்சிட்டது. பெண்கள் அழுதார்கள். பின்வரிசை கைதட்டிவிட்டது, மரண வீடு என்பது பிறகுதான் அதற்கு ஞாபகம் வந்தது. கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது மனுவேலின் மனைவி மக்தலேனா பக்கத்தில் வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அவருக்குக் கேட்டிருக்கும் அண்ணே," என்றாள். "ஆர் என்ன சொன்னாலும் உண்மையெண்டு நம்புற ஆள்."

சாள்ஸ் தேநீரை முடித்தார். கயிற்றையும் மறக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்தார். நல்ல கயிறு. முன்பு ஒரு திருக்கை அவருடைய விலைகூடிய தடியை இழுத்துக்கொண்டு போயிருந்ததால், இன்றிரவு அந்தக் கயிற்றின் ஒரு நுனியைத் தடியின் அடியிலும் மறு நுனியைத் தம் இடுப்பிலும் கட்டியிருந்தார். மிச்சம் காலடியில் மணலில் கிடந்தது. இடுப்பில் போட்டது பழைய படகு முடிச்சு. கை தன்பாட்டில் போட்டது.

அவர் எழும்பித் தடியைக் குழாயிலிருந்து உருவினார். நீரோட்டமாக இருக்கும். பாசி மாட்டியிருக்கும். கையில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தெரிந்தது. தங்கூசி நூல் வழியாக, தடி வழியாக, உள்ளங்கைக்குள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவர் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. எத்தனை பருவங்கள் பழகிய கை அது. மூளை விளங்கிக்கொள்வதற்கு முன்னமே மணிக்கட்டு மூன்று தரம் பின்னுக்கு வெட்டியது.

'தூக்குகிறேன்.'

நூல் தளர்ந்தது.

அறுந்துவிட்டது என்று நினைத்தார். அந்த நினைப்பில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. ரீலைச் சுற்றினார். நூல் வந்தது. பாரமில்லை. சுற்றச் சுற்ற வந்துகொண்டேயிருந்தது. சுற்றுவதை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் நூல் தளர்ந்துகொண்டு போனது. அறுந்த நூல் அப்படிச் செய்யாது. மீன் கரையை நோக்கி ஓடி வந்தால் செய்யும்.

ஓடி வரும் மீன் ஒன்று. அல்லது நடந்து வரும் ஒன்று.

தலையில் மாட்டியிருந்த ரோச்சைப் போட்டார். நூலின் மேல் வெளிச்சம் விழுந்தது. தடியின் நுனியிலிருந்து நூல் சரிந்து தண்ணீருக்குள் இறங்கவேண்டும். இறங்கவில்லை. நுரைக்கு மேலாக, அந்தரத்தில், நேராகப் போய் இருட்டுக்குள் நுழைந்தது. ஓர் ஆளின் இடுப்பளவு உயரத்தில். நூலிலிருந்து தண்ணீர் மணிமணியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த மணம் வந்தது. பீப்பாயில் கடலட்டை அவிக்கும்போது வரும் புளித்த, உப்பான, இறைச்சி மணம். டீசலும் கலந்து. இந்தக் கரையில் பருவம் முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. இன்றைக்கு எவனும் அடுப்பு மூட்டவில்லை.

அலை உடைந்தது. வடிந்தது.

வடிந்த பிறகும் தண்ணீரில் ஒரு சத்தம் மிச்சமிருந்தது. சளக். சளக்.

தடியைப் போட்டுவிட்டு ஓடினார். மணல் காலை வாங்கியது. பத்தடிகூட இராது. இடுப்பில் கயிறு விறைத்தது. முகம் மணலில் அடித்தது. மணலில் கிடந்த மிச்சக் கயிறு அவிழ்ந்து அவரோடு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அதை யாரோ பிடித்திருந்தார்கள்.

முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. விரல் முழுக்க மணலை மீனின் வழுவழுப்பு. கத்தி எங்கே. கத்தி இரை வாளிக்குள். வாளி கதிரைக்குப் பக்கத்தில்.

கதிரை கிரீச்சிட்டது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். பாரமான ஓர் ஆள் அதில் இருக்கும்போது அலுமினியக் கால் அப்படித்தான் கத்தும்.

திரும்பக்கூடாது. ரோச் தலையில் இருக்கிறது. எங்கே பார்க்கிறாரோ அங்கே வெளிச்சம் போகும். பார்த்தால் தெரியும். தெரியக்கூடாது.

திரும்பினார்.

முழங்கால்வரைதான் முதலில் வெளிச்சம் விழுந்தது. கால்சட்டையின் விளிம்பிலிருந்து தண்ணீர் வடிந்து கதிரைக்குக் கீழே குளமாகிக்கொண்டிருந்தது. வெளிச்சம் கொஞ்சம் ஏறியது. மடி. மடியில் தடி. அதற்கு மேலே ஒரு கை, ஆறுதலாக, அவசரமில்லாமல், கயிற்றின் மிச்சத்தை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் போய், முழங்கையால் வந்து. உள்ளங்கையால் போய், முழங்கையால் வந்து.

இடது கை.

உள்ளங்கையின் நடுவில் கொளுக்கி ஏறியிருந்தது. அதில் மணலை மீன்துண்டு அப்படியே தொங்கியது. இரத்தம் இல்லை.

இன்னும் ஒரு சாண் ஏறினால் முகம்.

சாள்ஸ் தாமே கையை உயர்த்தி ரோச்சை அணைத்தார்.

இருட்டு. 'ஸ்ஸ்' என்று நுரை. தகரக் கதவு முனகுவதையும் நிறுத்திவிட்டது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாய் துடித்தது. அது சும்மா மேடைப் பேச்சு மச்சான், எல்லாரும் பேசுறதுதானே. நாக்கு எழும்பவில்லை. எத்தனையோ கூட்டங்களில் நேரம் முடிந்தும் நிற்காத நாக்கு.

இடுப்பில் கயிறு அசைந்தது.

ஒரு இழுப்பு.

இரண்டாவதற்காகக் காத்திருந்தார். இரண்டாவது வரட்டும். மூன்றாவதும் வரட்டும். மாதாவே.

வரவில்லை. ஒன்றுதான்.

'தூக்குகிறேன்' என்று கை முன்னமே பதில் சொல்லிவிட்டது. அது எப்போதும் அவரைக் கேட்டதில்லை.

எழும்பினார். கால்கள் நடந்தன. கதிரையைக் கடந்தபோது குளிர் ஒரு பக்கமாக அடித்தது. அவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார். நுரை கணுக்காலில். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. முழங்கால். பின்னால் கயிறு இளகிக்கொண்டே வந்தது, இறுகாமல், தொய்யாமல், அளவாக. நல்ல கயிற்றுக்காரன் விடுவதுபோல.

இடுப்பு.

கரையில், கதிரையின் கைப்பிடிப் பைக்குள் போன் வெளிச்சம் போட்டு அடித்தது. ஷானிகா. அடித்தது. அடித்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு கை அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி கயிற்றுக்கே திரும்பியது.

நெஞ்சு.

பள்ளத்தில் கால் வைத்தார். அடியில் ஏதோ பெரிதாக, வழுக்கிக்கொண்டு, காலை உரசிக் கடந்து போனது. கொடுவா. நல்ல எடை.

நாளைக்குக் கோழிதான்.