அமைதிக்குத் தொண்ணூற்றெட்டு

தொண்ணூறைத் தாண்டினால் அமைதிமானி மணி அடிக்கும். செண்பகவல்லி டீச்சருக்கு இந்த மாதம் மட்டும் இருபது நாள் அடித்துவிட்டது. அதன் நெற்றிப் பட்டையைக் கழற்றிக்கொண்டே, மருத்துவமனைக் கூடத்தில் உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகளை ஒரு பார்வை பார்த்தார். முப்பத்தைந்து வருடம் கோவில்பட்டியில் கணக்குப் பாடம் நடத்தியவர். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை வகுப்பைப் பார்க்கும் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"உங்களுக்கு மட்டும் எப்படித்தான் வருதோ டீச்சர்," என்றாள் பக்கத்து நாற்காலி எஸ்தர். "எனக்கு இன்னைக்கும் முப்பத்தொண்ணுதான்."

எஸ்தர் அவரிடம் படித்தவள். கணக்கில் முப்பத்தைந்து வாங்குவதற்குள் அப்போதே அவளுக்கு நாக்குத் தள்ளிவிடும். இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். இருவருக்கும் ஒரே நோய், நரம்புத்தேய்வு. விரல் நடுக்கமாகத் தொடங்கும், தோளுக்கு ஏறும், கடைசியில் மூச்சில் கை வைக்கும். ஆழ்கடல் பாசியிலிருந்து எடுக்கும் நீல மருந்து ஒன்றுதான் அதைத் தடுத்து நிறுத்தும். பாசி அபூர்வம், மருந்தும் அபூர்வம். அதனால் இரண்டு நோயாளிக்கு ஒரு குப்பி. அந்த இரண்டு பேரும் ஜோடியாக அரைமணி நேரம் தியானத்தில் உட்கார வேண்டும். பிறகு மருந்தூட்டி என்ற பொறி ஆளுக்கொரு குழாய் வழியே மருந்தை ஏற்றும்.

"மருந்துக்குப் பதிலா தியானம் இல்லம்மா, மருந்தோட சேர்த்துத் தியானம்," என்று டாக்டர் நிவேதன் முதல் நாளே சொல்லியிருந்தார். "மனசு அடங்குனா உடம்பு நோயை எதிர்த்து நிக்கும்."

சொன்னது அத்தனையும் உண்மை. டீச்சர் நம்பினார்.

நம் ஆட்களிடம் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும், எதற்கு என்று கேட்காமல் அதன் பின்னால் ஓடுவார்கள். டீச்சரும் ஓடினார். விடியற்காலையில் எழுந்து வீட்டிலும் பயிற்சி செய்தார். அவருடைய மதிப்பெண்ணை மகள் குடும்பக் குழுவில் போட்டாள், மதுரைச் சம்பந்தி வாழ்த்து அனுப்பினார். கோபமோ அழுகையோ வந்தால் உடனே மூச்சை நீட்டி விட வேண்டும் என்பதுதான் பாடம். எட்டு மாதத்தில் உடம்பு அதைத் தானாகவே செய்யப் பழகிவிட்டது. போன வாரம் பேருந்தில் ஒருவன் செருப்புக் காலால் மிதித்தபோதுகூட மூச்சு தானாக நீண்டது. டீச்சருக்கே சிரிப்பு வந்தது.

வலது கை மட்டும் சிரிக்கவில்லை. முதலில் பேனா நழுவியது. அப்புறம் ரவிக்கைக் கொக்கி மாட்ட மகள் வர வேண்டியிருந்தது. தியானம் இல்லாவிட்டால் இதைவிட மோசமாகியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அன்று மருந்து ஏறுவதற்கு முன்பே, மருந்தூட்டியைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். எஸ்தர் பக்கத்துக் குமிழில் நீலம் கழுத்து வரை நின்றது. டீச்சர் பக்கத்தில் அடியில் ஒரு நகமளவு நீலம், மீதியெல்லாம் உப்புநீர்.

"எஸ்தர், இது என்ன?"

எஸ்தர் தரையைப் பார்த்தாள். "மார்க்கப் பாத்துத்தான் பிரிச்சுக் குடுக்குது டீச்சர்."

"மார்க் கூடுனா?"

"மருந்து குறையும்."

கணக்கு டீச்சருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அமைதியான உடம்பு தானே சமாளிக்கும், தவிக்கிற உடம்புக்கு மருந்தைக் கொடு. பொறியின் நியாயம் அவ்வளவுதான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. கையெழுத்து வாங்குன தாள்ல பதினாலாம் பக்கத்துல இருந்துச்சு. கேள்விய முழுசாப் படிச்சிட்டு எழுதுங்கன்னு நீங்கதான டீச்சர் சொல்லுவீங்க." எஸ்தரின் குரலில் கேலி இல்லை, அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. "நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காருவேன். செத்துப்போன எங்கம்மாவ நெனச்சுக்குவேன்."

"எட்டு மாசம் பக்கத்துல உக்காந்து என்னையப் பாராட்டிக்கிட்டு இருந்தியே!"

"குப்பி ஒண்ணுதான டீச்சர். உங்களுக்குக் கூடுனா எனக்குக் குறையும். எம்மவ இப்பத்தான் எட்டாவது படிக்கா."

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். டீச்சர் நடுங்கும் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "சேர்த்துன்னு சொன்னீங்களே டாக்டர். இதுவா சேர்த்து?"

டாக்டர் கையைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். "இதுல நல்லாத்தாம்மா காட்டுது. நான் எதையும் மாத்த முடியாது. உங்க மார்க் குறைஞ்சா பொறியே கூட்டிக் குடுத்துரும்."

"அப்படியா? இப்பவே பட்டையை மாட்டுங்க."

விதிப்படி ஜோடியாகத்தான் உட்கார வேண்டும். எஸ்தரும் மாட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக, தேறக் கூடாது என்று முடிவு செய்து செண்பகவல்லி டீச்சர் பரீட்சைக்கு உட்கார்ந்தார். கோபத்துக்கா பஞ்சம்? பாவி, கூடவே இருந்து குழி பறித்தாளே என்று நினைத்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கை இன்றைக்கு இப்படி ஆகியிருக்காதே என்று நினைத்தார். நெஞ்சு கொதித்துக்கொண்டு மேலே வந்தது.

மூச்சு தானாக நீண்டது.

வேண்டாம் என்று மூச்சை அடக்கிப் பார்த்தார். விட்டதும் அது இன்னும் நீளமாக, இன்னும் நிதானமாகப் போனது. கோபத்தைக் கிளறச் சம்பந்தியின் வாழ்த்தை நினைத்தார். தோள் தளர்ந்தது. பக்கத்து நாற்காலியில் எஸ்தர், "என்னை மன்னிச்சிருங்க டீச்சர்," என்று விம்மத் தொடங்கினாள். அது நாக்கைக் கடித்து வரவழைத்த அழுகை இல்லை, நிஜமான அழுகை.

மணி அடித்தது. தொண்ணூற்றெட்டு. கூடத்தில் நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

எஸ்தரின் எண் பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. திறந்து கிடந்த மருந்தூட்டியில் டீச்சர் பக்கமிருந்த அந்த நகமளவு நீலமும் மெல்ல வடிந்து எஸ்தர் பக்கம் போனது. அழுகையை நிறுத்த முடியாமல் எஸ்தர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். மூச்சு மட்டும் நிதானமாக வெளியே போனது.