ஆபீசர் கேட்ட கேள்வி

மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை மடக்கிக்கொண்டே பஸ்ஸில் ஏறியவள், பயண அட்டையை மெஷினில் காட்டிவிட்டு நிமிர்ந்தாள்...

ஓட்டுநர் இருக்கையில் அவள் கணவன்!

நகரத்தில் எத்தனையோ பஸ், எத்தனையோ டிரைவர். இன்றைக்குப் பார்த்து இவன்தானா வர வேண்டும்? இறங்கிவிடலாம் என்று திரும்பினாள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

"இந்த ரூட்ல எப்பலேர்ந்து?" கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

"இன்னிக்கு மட்டும். ஒருத்தர் லீவு."

இளைத்துப் போயிருந்தான். அந்தக் கண்கள்... அவள் போட்டிருந்த கோட்டின் மேல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, சட்டென்று சாலைக்குப் போய்விட்டன. அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னலில் வழியும் மழையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள்.

வண்டி ஓடும்போது அவன் பேச மாட்டான். சிவப்பு விளக்கு விழுந்தால்தான் வாய் திறப்பான். விழுந்தது.

"எங்க இறங்கணும்?"

"குடியேற்ற ஆபீஸ்ல."

"இன்டர்வியூ அடுத்த வாரம்தானே?"

"இன்டர்வியூவே வேண்டாம்னு சொல்லப் போறேன். விண்ணப்பத்த வாபஸ் வாங்கறேன்."

பச்சை விழுந்துவிட்டது.

அவனைக் கட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவளுக்கு, மனைவி என்று கொடுத்திருந்தது தற்காலிக அனுமதிதான். இருவரும் அதிகாரி முன்னால் சேர்ந்து உட்கார்ந்து, இது உண்மையான குடும்பம்தான் என்று காட்டினால்தான் நிரந்தரமாகத் தங்குவதற்கான கார்டு. பதில் சொல்லிப் பழகச் சொல்லியிருந்தார் வக்கீல். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் கையைக் கட்டிக்கொண்டு ஆபீசராகிவிடுவான்.

"படுக்கையில உங்க கணவர் எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் அவர்தான், ஆபீசர் சார். எனக்கு ஓரம்தான்!"

சிரித்துச் சிரித்துத்தான் அவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். ஒருநாள் அவன் கேட்டான், "இவரை ஏன் கட்டிக்கிட்டீங்க?" வக்கீல் சொல்லிக் கொடுத்ததை மடமடவென்று ஒப்பித்தாள். "அது வக்கீலோட பதில். உன் பதில் என்ன?" என்றான்.

முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வாள்? வெட்கத்தில் தலை குனிந்துகொண்டாள். அந்த மௌனத்தை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். "புரிஞ்சு போச்சு. கார்டுக்காகத்தான்."

மறுநாளே, தன்னோடு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் தோழியின் அறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் அத்தனை வீம்பு.

மறுபடி சிவப்பு.

"வாபஸ் வாங்கினா நாட்டை விட்டே போகணும். தெரியும்ல?"

"தெரியும். கார்டே வேண்டாம்னு போனாத்தான், அதுக்காக வரலைன்னு நீங்க நம்புவீங்க."

"அன்னிக்கு என் நாக்குல சனி..."

"பத்துப் பேர் முன்னாடி திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேங்க. நாம ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்த இடத்துல உட்கார்ந்து சொன்னீங்களே..."

குடியேற்ற அலுவலகம் வந்தது. மணியை அழுத்தினாள். பஸ் நின்றது. கதவு மட்டும் திறக்கவில்லை.

"திறங்க."

"திறக்கலைன்னா என் வேலை போயிடும். திறந்தா நீ போயிடுவ."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் பொத்தானை அழுத்தினான். கதவு திறந்து, சாரல் உள்ளே அடித்தது.

"வேலைக்குப் பயந்துதான் திறந்தேன்னு நினைக்காத. உன்னப் பிடிச்சு வைக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா எனக்கு நீ வேணும். நீ என்னை விட்டுப் போயிடுவியோங்கற பயத்துலதான் அப்படிப் பேசிட்டேன். ஆபீசரா இல்ல, புருஷனாக் கேக்கறேன்... என்னை ஏன் கட்டிக்கிட்ட?"

ஒரு கால் படியில் இருந்தது. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"ஏர்போர்ட்டுக்கு என்னைக் கூப்பிட வந்தீங்களே... எனக்குன்னு வாங்கின இந்தக் கோட்டை நீங்க போட்டுக்கிட்டு நின்னீங்க. கை பத்தலை, பட்டன் மாட்டலை. எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க. கழட்டி என் மேல போட்டீங்க... கதகதன்னு இருந்துச்சு. நான் குளிர்ல வரேன்னு உங்க உடம்புச் சூட்டுல வச்சுக் கொண்டு வந்திருக்கீங்க!" இப்போது திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "கல்யாணம் வீட்டுல பேசி முடிச்சதுதான். ஆனா மனசார நான் உங்களைக் கட்டிக்கிட்டது அந்த ஏர்போர்ட்லதாங்க."



படியிலிருந்த காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கதவை மூடுங்க. மழை உள்ள வருது."

பஸ் கிளம்பியது. அடுத்த சிக்னல் வருவதற்குள், ஓடுகிற வண்டியில் முதல் தடவையாக அவன் வாய் திறந்தான்.

"வீட்டுக்கு வந்துடு..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வரேன். முதல்ல ரோட்டைப் பாருங்க, ஆபீசர் சார்."